நிமிர்ந்தான்குளத்தில் சுற்றிய மோட்டார்

சாய்ந்தான்குளத்து ஆட்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. களவு கிடையாது, சூது கிடையாது, கோயில் வாசலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளாதவர் கிடையாது. ஆண்டவன் அவர்களுக்கு நல்ல மனசு, நல்ல பசி, நல்ல உறக்கம் எல்லாம் அள்ளிக் கொடுத்திருந்தான். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. பிறகு தரலாம் என்று எடுத்து வைத்தவன், வைத்த இடத்தை மறந்துபோனான். அவ்வளவுதான்.

அந்த ஊர்த் திரவியம், சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர், "இறங்குறவங்க எல்லாம் முன்னால வாங்க" என்றார். திரவியம் இறங்க வேண்டியவர்தான். முன்னால் வந்தார். இன்னும் முன்னால் வந்தார். டிரைவர் மடியில் உட்கார்ந்த பிறகுதான், இதற்கு மேல் முன்னால் இடமில்லை என்று நின்றார்.

அவருக்கு மூன்று பேர் துணை. மனைவியின் தம்பி ஐகோர்ட்துரை. எதைக் கேட்டாலும் யோசித்துப் பதில் சொல்கிற கோமதிநாயகம் அண்ணாச்சி. யோசித்துச் சொல்கிறவர் என்பதால் ஊரில் மரியாதை அதிகம், என்ன சொன்னார் என்று யாரும் பார்ப்பதில்லை. நாலாவது ஆள் சிவனணைஞ்சான். பேர்தான் நீளம், பேச்சு கிடையாது.

திரவியத்தின் மனைவி ஆவுடை, முப்பிடாதி அம்மனுக்கு ஒரு நேர்ச்சைக் கடன் வைத்திருந்தாள். மகள் சண்முகவடிவுக்குத் தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் வலி. ஆவுடை முப்பிடாதி அம்மன் முன்னால் முந்தானையை ஏந்தி நின்று, "தாயே, ரெண்டு உசுரையும் எனக்குத் தந்துரு. சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு இருபத்தோரு கோழிக்குஞ்சை உன் வாசல்ல ஓட விடுதேன்" என்று அழுதாள். அழுத கண்ணைத் துடைக்கும் முன்னால், பேரன் பிறந்த சேதி வந்தது.

அம்மன் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். இனி ஆவுடை காப்பாற்ற வேண்டும். ஆனால் மாசி மாதம் வெள்ளைக்கழிச்சல் வந்து ஊர்க்கோழி அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டது. கூவி எழுப்பச் சேவல் இல்லாமல் ஜனங்கள் எட்டு மணி வரை உறங்கினார்கள். நேர்ச்சைக் குஞ்சை விலைக்கு வாங்கி விடுவது வழக்கமில்லை. முட்டை எங்கிருந்தும் வரலாம். குஞ்சு நம் வீட்டில்தான் கண் விழிக்க வேண்டும். ஆவுடை தன் சித்தி வீட்டிலிருந்து முப்பது முட்டையைத் தவிட்டுக்குள் வைத்துப் பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தாள். கொடைக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. முட்டை பொரிய இருபத்தொரு நாள். ஒரு தடவைதான் முடியும். கெட்டால் மறுபடி வைக்க நாள் கிடையாது.

"அடைக்கு உக்கார ஒரு கோழி இல்லையே" என்று அவள் கலங்கினாள்.

"கோழி எதுக்கு? எபநேசர் சார் பெட்டி செஞ்சு தாரேன்னுட்டாரு" என்றார் திரவியம்.

எபநேசர் சார் டவுன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர். பெட்டிக்குள் சூட்டுக்கு ஒரு பல்பு, மூன்று மணிக்கு ஒருமுறை முட்டைத் தட்டைத் திருப்ப ஒரு மோட்டார், இரண்டையும் மேய்க்கத் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் போர்டு. எத்தனையாவது நாள், எவ்வளவு சூடு என்று போர்டு சின்னக் கண்ணாடியில் எழுதிக் காட்டும். போர்டுக்கு வேண்டிய புத்தியை சார் கம்ப்யூட்டரில் எழுதி உள்ளே ஏற்றிவிட்டார்.

முதலில் அதை சண்முகவடிவின் பழைய லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினார். "இதுக்கு சிமுலேஷன்னு பேரு. நிஜப் பெட்டியைத் தொடாம, பெட்டியோட படத்தை மட்டும் ஓட விட்டுப் பாக்குறது."

படத்தில் பல்பு எரிந்தது. அணைந்தது. மோட்டார் சுற்றியது. முப்பது முட்டையும் திரும்பின. ஒரு நிமிஷத்தில் இருபத்தொரு நாளும் ஓடி, 'பொரிந்தது: 30' என்று எழுத்து வந்தது. நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோமதிநாயகம் அண்ணாச்சி, "முப்பதுக்கு முப்பது! ஒரு கூமுட்டை இல்ல!" என்று கண் கலங்கினார்.

சார் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நாளையிலிருந்து எனக்குப் பரீட்சை டியூட்டி. வர முடியாது. ஏதாவதுன்னா போன் பண்ணுங்க."

அன்றைக்கே வீட்டு நடுக்கூடத்தில் மேஜை போட்டுப் பெட்டியை வைத்து, ஆவுடை சாமி கும்பிட்டு முட்டைகளை அடுக்கினாள். திரவியம் சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. கண்ணாடியில் 'நாள் 1' என்று வந்தது. மோட்டாருக்கு நேரம் வந்தது. மோட்டார் 'டொக்' என்று ஒரு முனகல் முனகியது. உடனே பல்பு அணைந்தது, எழுத்து அழிந்தது. ஒரு பெருமூச்சு விடும் நேரம் கழித்து எல்லாம் திரும்பவும் உயிர் பெற்று, 'நாள் 1' என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. முட்டை ஒன்றுகூடத் திரும்பவில்லை. இடையிடையே சூட்டைக் காட்டுகிற எண்ணும் முப்பத்தேழு, பூஜ்யம், தொண்ணூற்றொன்பது என்று சாமி வந்ததுபோல் ஆடியது.

பக்கத்திலேயே லேப்டாப்பில் படம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திரவியம் பெட்டியைப் பார்த்தார், ஆவுடையைப் பார்த்தார். அவள் முட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பி வைத்துக்கொண்டே, உதட்டுக்குள் அம்மன் பேரைச் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். போனை எடுத்தார்.

"கம்ப்யூட்டர்ல சரியா ஓடுதுன்னா எழுதினது சரி" என்றார் சார். "குத்தம் வெளியிலதான். படத்துல எப்படி இருக்கோ, அப்படியே பெட்டியும் இருக்கான்னு பாருங்க. ஏதாவது வித்தியாசம் இருந்தா சரி பண்ணுங்க."

நாலு பேரும் லேப்டாப் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"படத்துல வயரெல்லாம் நேரா போயி, கட்டம் கட்டமா திரும்புது. இங்க கொடி மாதிரிலா கிடக்கு" என்றான் ஐகோர்ட்துரை.

வயரையெல்லாம் மூலைமட்டம் வைத்து மடக்கினார்கள்.

"படத்துல பின்னால சுத்த வெள்ளை. இங்க சுவரு பச்சை" என்றார் அண்ணாச்சி.

சிவனணைஞ்சான் போய்ச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தான். கூடத்தின் நாலு சுவரும் வெள்ளையாயிற்று. சுவரில் மாட்டியிருந்த திரவியத்தின் அப்பா படமும் வெள்ளையாயிற்று.

"அத்தான், படத்துல மேஜையே இல்லையே! பெட்டி அந்தரத்துலலா நிக்கு!"

 எப்படி இதைக் கவனிக்காமல் விட்டோம் என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். விட்டத்தில் கயிறு கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். முப்பது முட்டையும் தூளியில் ஆடின.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் திரவியம். "படத்துல பட்டனை யாரு அமுக்குதா? ஆளா? இல்ல. ஒரு சின்ன அம்புக்குறி வந்து அமுக்குது."

அட்டையை வெட்டி அம்பு செய்து குச்சியில் ஒட்டினார்கள். சிவனணைஞ்சான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, படத்தில் ஆள் தெரியக்கூடாது என்பதால் கதவுக்குப் பின்னால் மறைந்து, குச்சியை நீட்டி அம்பால் பட்டனை அமுக்கினான். மூன்றாவது தடவைதான் பட்டனில் பட்டது. முதல் இரண்டு தடவை அண்ணாச்சியின் காதில் பட்டது.

பல்பு எரிந்தது. மோட்டார் 'டொக்' என்றது. எல்லாம் அணைந்தது. 'நாள் 1.'

ஆவுடை கொல்லையிலிருந்து வந்து தொங்குகிற பெட்டியைப் பார்த்தாள். வாசலில் நீண்டிருந்த அம்பைப் பார்த்தாள். "மொதல்ல அதை இறக்குங்க. முட்டைக்குத் தலை சுத்தும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் திரவியம் மறுபடி போன் செய்தார். வித்தியாசம் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டோம் என்றார். என்ன செய்தீர்கள் என்று சார் கேட்கவில்லை. அவருக்குப் பரீட்சை மணி அடித்துவிட்டது.

"பதறாதீங்க. ஒரே நேரத்துல பத்தை மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மாத்துங்க. மத்ததெல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கணும்" என்று வைத்துவிட்டார்.

திரவியம் ஒரு வயரைப் பிடுங்கி வேறு வயரைச் செருகினார். செருகிய கையோடு, "யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார்.

ஐகோர்ட்துரை ஒற்றைக்காலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான், அப்படியே நின்றான். சிவனணைஞ்சான் கொட்டாவி விட வாயைத் திறந்திருந்தான், திறந்தபடியே இருந்தான். அண்ணாச்சி தும்மல் வரப்போகும் முகத்தோடு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

அடுப்பங்கரையிலிருந்து ஆவுடை குரல் கொடுத்தாள்: "பால் பொங்குது, இறக்கப் போறேன்!"

"இறக்காதட்டி! நான் வயரை மாத்தும்போது பால் பொங்கிக்கிட்டுலா இருந்துது? இருந்தது இருந்தபடி இருக்கணும்!"

"பொங்க விட்டா தீந்துபோகுமே!"

அண்ணாச்சி மூக்கைப் பிடித்தபடியே யோசித்தார். "நிறுத்தினா மாத்தம். தீந்தாலும் மாத்தம். பேசாம தீரத் தீர ஊத்திக்கிட்டே இரி தாயி."

"ஊத்துறதுக்கு என்ன, காவேரியிலயா பாலு ஓடுது?" என்று ஆவுடை சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, ஒற்றைக்காலில் நின்ற தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் நிலைகுலைந்து பெட்டிமேல் சாய்ந்தான். சாயும்போது அவன் விரல் போர்டில் மூன்றாவது கம்பியின் மேல் பட்டது.

ஆடிக்கொண்டிருந்த சூட்டு எண் சட்டென்று நின்றது. முப்பத்தேழு.

விரலை எடுத்தான். பூஜ்யம், தொண்ணூற்றொன்பது. வைத்தான். முப்பத்தேழு.

"மாப்ள, எடுக்காதல!" திரவியம் அவன் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். "இந்தப் பெட்டியில குறைஞ்சது ஒன் விரலுதான்!"

ஐகோர்ட்துரை அசையாமல் இருந்தான். அக்கா ஊட்டிவிட்டதைச் சாப்பிட்டான். மத்தியானத்துக்குள் விரல் மரத்துப்போய், வேறு ஆள் வேண்டும் என்றான். திரவியம் தன் விரலை நீட்டினார். அண்ணாச்சி தடுத்தார்.

"நில்லும்வே. அது ஆள்காட்டி விரலு. நீரு நீட்டுறதும் ஆள்காட்டி விரலு, சரி. ஆனா அது இருபத்தெட்டு வயசு விரலு. ஒமக்கு அம்பது ஆயிட்டு. பாதி பாதி வயசா ரெண்டு விரலு வச்சா கணக்கு சரியாகும்."

"அம்பதை ரெண்டாக்கினா இருபத்தஞ்சுலா அண்ணாச்சி வருது. மூணு குறையுதே."

"பேரன் விரலைச் சேர்த்துக்குவோம்."

பேரன் சண்முகவடிவின் மாமியார் வீட்டில் தொட்டிலில் கிடந்தான். ஆகவே சாரையே கேட்டார்கள்.  சார் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "விரலை எடுங்க. அந்தக் கம்பி லூசா இருக்கு. ஸ்குரு டிரைவரால அதைத் திருகி இறுக்குங்க."

இறுக்கினார்கள். விரலை எடுத்தார்கள். முப்பத்தேழு அசையாமல் நின்றது. நாலு பேரும் கட்டிக்கொண்டார்கள். அப்போது மோட்டார் 'டொக்' என்றது. எல்லாம் அணைந்தது. 'நாள் 1.'

மூன்றாம் நாள் ஆகிவிட்டது. இரண்டு நாளாக ஆவுடைதான் கையால் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் மோட்டார் முனகும் ஒவ்வொரு தடவையும் பல்பு அணைந்து சூடு இறங்கியது. திரவியம் கோயில் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அம்மனுக்கு முகம் காட்டக் கூச்சம். அந்த வழியாகப் போக வேண்டி வந்தால் துண்டால் தலையை மூடிக்கொண்டு போனார்.

"சார், சூடு நின்னுட்டு. ஆனா மோட்டாரு எந்திரிச்சா போர்டு சாகுது" என்று போனில் சொன்னார்.

"அப்படியா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் சார். "படத்துல இருக்கிற மோட்டாருக்குப் பசி கிடையாது. நிஜ மோட்டார் எந்திரிக்கும்போது இருக்கிற கரண்டையெல்லாம் வாரிக் குடிச்சிரும். போர்டு பட்டினியில மயங்கி விழுந்து, எந்திரிச்சு, ஒண்ணுல இருந்து எண்ணுது. ரெண்டுக்கும் ஒரே கரண்ட் கூடாது. மோட்டாருக்குத் தனி கரண்ட் குடுங்க."

"தனியாவா சார்?"

"தனியா. ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் கூடாது உறவும் கூடாது."

நாலு பேரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"அடுத்த ரூம்ல பிளக் இருக்கு" என்றான் ஐகோர்ட்துரை.

"அது இதே மீட்டருலா? உறவு வந்துட்டே" என்றார் அண்ணாச்சி.

"மேலத்தெரு தங்கப்பழம் வீடு?"

"அங்கயும் நம்ம டிரான்ஸ்பார்மர்தான். ஒரு தாய் பிள்ளை. நம்ம ஊரு முச்சூடும் ஒரே கரண்டுவே!"

"அப்ப தனி கரண்டுக்கு எங்க போறது?"

எல்லாரும் சோர்ந்துபோனார்கள். அப்போது சிவனணைஞ்சான் வாயைத் திறந்தான். அவன் பேசி எட்டு மாசம் ஆகியிருந்தது.

"நிமிர்ந்தான்குளம்."

நிமிர்ந்தான்குளம் மூன்று மைல் கிழக்கே. அந்த ஊருக்கு வேறு டிரான்ஸ்பார்மர். அன்றைக்கே மோட்டாரைப் பெட்டியிலிருந்து கழற்றி, ஒரு துண்டில் பொதிந்து, ஐகோர்ட்துரை சைக்கிளில் கொண்டுபோனான். அங்கே பூலோகப்பாண்டி என்கிற பெரிய மனிதர் தன் வீட்டு வராந்தாவில் இடம் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சந்தோஷமாகச் சுற்றியது. முனகலே இல்லை.

இங்கே போர்டும் மயங்கவில்லை. பல்பு நின்று எரிந்தது. 'நாள் 1' என்பது அப்படியே நின்று, மறுநாள் 'நாள் 2' ஆயிற்று.

திரவியம் சாருக்குச் சேதி சொன்னார். "தனி கரண்ட் குடுத்துட்டோம் சார். ரெண்டும் ஜோரா ஓடுது."

"சபாஷ்!" என்றார் சார். "நான்தான் சொன்னேன்லா."

இப்போது ஒரே ஒரு சின்ன வேலைதான் பாக்கி. போர்டு 'திருப்பு' என்று எழுதும். அதைப் பார்த்ததும் திரவியம் நிமிர்ந்தான்குளத்துக்குப் போன் செய்வார். அங்கேயே தங்கிவிட்ட ஐகோர்ட்துரை மோட்டாரைப் போடுவான். அது ஒரு சுற்று சுற்றி நிற்கும். "திரும்பிருச்சு அத்தான்!" என்று அவன் சொன்னதும், திரவியம், "திருப்பட்டி!" என்பார். ஆவுடை முப்பது முட்டையையும் கையால் திருப்புவாள்.

நாலு நாள் இப்படிச் செய்த பிறகு ஆவுடை கேட்டாள்: "அந்த எழுத்துதான் எனக்கும் தெரியுதே. நானே பாத்துத் திருப்பிர மாட்டேனா? நடுவுல போன் எதுக்கு?"

திரவியம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மோட்டாரு திரும்பாம முட்டை எப்படிட்டி திரும்பும்?"

ஒருநாள் நிமிர்ந்தான்குளத்தில் கரண்ட் இல்லை. மோட்டார் சுற்றவில்லை. திரவியம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இனி முட்டை திரும்ப வழியே இல்லை என்று அண்ணாச்சி ஆறுதல் சொல்ல வந்தார். இருவரும் வாசலில் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கும்போது, ஆவுடை உள்ளே போய்த் திருப்பிவிட்டு வந்தாள். அதை அவர்களிடம் சொல்லிக் குழப்பவில்லை.

இருபத்தொன்றாம் நாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து 'கீச்' என்றது. ஆவுடை ஓடிப்போய்ப் பார்த்தாள். ஓட்டில் ஒரு விரிசல். விரிசலில் ஒரு மூக்கு. "தாயே, முப்பிடாதி!" என்று கைகூப்பினாள்.

திரவியம் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தார். போர்டு விழுந்து விழுந்து எழுந்த இரண்டு நாளை அது கணக்கில் வைக்கவில்லை. 'நாள் 19' என்றது.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கே! இது ஏன் இப்பவே வருது?"

"குறைமாசம்" என்றார் அண்ணாச்சி கவலையோடு. "உள்ள தள்ளி மூடும். சந்தனத்தைக் குழைச்சு ஓட்டுல பூசினா ஒட்டிக்கிடும்."

சிவனணைஞ்சான் சந்தனக்கட்டையைத் தேடப் போனான். ஆவுடை வீடு கூட்டுகிற வாரியலை எடுத்தாள். "குஞ்சுக்கு நாள் தெரியும். அந்தக் கண்ணாடிக்குத்தான் தெரியல. ஒருத்தராவது இந்தப் பக்கம் வந்தீங்க...!" மூன்று பேரும் வாசலுக்குப் போனார்கள். சாயங்காலத்துக்குள் இருபத்துநாலு குஞ்சு பெட்டி நிறைய பஞ்சு உருண்டைபோல் உருண்டது. இருபத்தொன்றுக்கு மேல் மூன்று. ஆவுடை அழுதாள், சிரித்தாள்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் நிமிர்ந்தான்குளத்திலிருந்து ஒரு வேன் வந்தது. பூலோகப்பாண்டியும் எட்டுப் பேரும் இறங்கினார்கள். மோட்டாரை மாலை போட்டுத் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஐகோர்ட்துரை தலைகுனிந்து வந்தான்.

"பதினெட்டு நாளு எங்க ஊரு கரண்டுல எங்க வராந்தாவுல மோட்டாரு சுத்தியிருக்கு" என்றார் பூலோகப்பாண்டி. "சூடு ஒங்களது. சுத்து எங்களது. ஆகையினால குஞ்சுல பாதி எங்க ஊருக்கு வரணும். இருபத்துநாலுல பன்னிரண்டு."

திரவியம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டைக் கொடுத்தால் மீதி பன்னிரண்டு. நேர்ச்சைக்கு ஒன்பது குறையும். கொடை நாளைக்கு. கதவுக்குப் பின்னால் ஆவுடை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவரால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரி அம்மனுக்கு நேந்துக்கிட்டது அண்ணாச்சி..."

"அம்மனுக்கு நாங்களும் பிள்ளையதான். ஆனா சுத்தாத முட்டை பொரிக்குமா? நியாயத்தைச் சொல்லும்."

 நியாயம் நிமிர்ந்தான்குளத்தார் பக்கம்தான் என்று சாய்ந்தான்குளத்தில் எல்லாருக்கும் பட்டது. ஆவுடை வெளியே வந்து நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் திரவியத்தின் கண் கூடத்து மூலையில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில் விழுந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு யாரும் சொல்லாமலே ஒரு யோசனை வந்தது. உடம்பெல்லாம் வியர்த்தது.

"பூலோகப்பாண்டி அண்ணாச்சி, இங்கன வந்து இதைப் பாருங்க. இதுதான் தலைப்பெட்டி. நாங்க வச்சிருக்கது இதைப் பாத்துச் செஞ்சது. எங்களுக்கு முப்பதுல இருபத்துநாலுதான் பொரிச்சுது. இதுல எத்தனைன்னு நீங்களே பாருங்க."

பூலோகப்பாண்டி குனிந்து பார்த்தார். படம் ஓடி முடிந்து, 'பொரிந்தது: 30' என்று வந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் முப்பது. எட்டுப் பேரும் ஒவ்வொருவராக வந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட ஒன்று குறையவில்லை. அவர்கள் ஒதுங்கிப்போய் வேன் மறைவில் கூடிப் பேசினார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் ஏமாளிகள் என்றும், மனசு மாறும் முன்னால் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் முடிவாயிற்று.

"சரி. பாதிக்குப் பதிலா இந்த முழுசையே எடுத்துக்கிடுதோம்" என்றார் பூலோகப்பாண்டி, பெரிய மனசு பண்ணுவதுபோல.

திரவியமும் துக்கம் தாங்காதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்தார். உள்ளே இருக்கிற குஞ்சு குலுங்கக்கூடாது என்று அவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு, வேனை நடை வேகத்தில் ஓட்டிப் போனார்கள்.

மறுநாள் கொடை. சண்முகவடிவு கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஆவுடை கூடையைத் திறந்ததும் இருபத்தோரு குஞ்சும் அம்மன் வாசலில் தத்தித் தத்தி ஓடின. ஒன்று பூசாரியின் காலுக்கிடையில் புகுந்து உள்ளேயே போய்விட்டது. திரவியம் தலையில் துண்டில்லாமல் அம்மனுக்கு எதிரே நேராக நின்று, வாய்விட்டு அழுதார்.

நாலு நாள் கழிந்தது. ஆவுடை முற்றத்தில் மிச்சம் மூன்று குஞ்சுக்கும் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தான்குளத்திலிருந்து போன் வந்தது.

"திரவியம், நல்லா இருக்கியளா? ஒரு சந்தேகம்" என்றார் பூலோகப்பாண்டி. "பொரிஞ்சது முப்பதுன்னு தெனமும் எழுத்து வருது. ஆனா ஒண்ணும் ஓட்டை உடைச்சு வெளிய வரல. சூடு பத்தலையோன்னு எங்க அத்தை ஊருலேர்ந்து ஒரு அடைக்கோழியைக் கொண்டாந்து அது மேல உக்கார வச்சோம். மூணு நாளாச்சு. இரைக்குக்கூட எந்திரிக்க மாட்டேங்கு. பக்கத்துல போனா கொத்துது."

"அடியில சூடு இருக்கா?"

"நல்லாச் சுடுது. உள்ளருந்து உஸ்ஸுன்னு மூச்சு விடுற சத்தமும் கேக்கு."

"கோழி காலால திருப்புதா?"

"திருப்புது. அது மிதிக்க மிதிக்க எழுத்தெல்லாம் மாறுது."

"அப்ப எல்லாம் சரியாத்தான் நடக்கு. அவசரப்படாதீங்க" என்று திரவியம் போனை வைத்தார். வைத்தவர் முகம் வாடிப்போயிருந்தது. படியில் அப்படியே உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்று ஆவுடை பதறி வந்தாள்.

"ஏட்டி, நாம எம்புட்டுப் பாடுபட்டோம்! சுண்ணாம்பு அடிச்சு, விரலை வச்சு, மோட்டாரைத் தூக்கிக்கிட்டு ஊரு ஊராப் போயி... எல்லாம் வீணு. ஒரு கோழியைக் கொண்டாந்து உக்கார வச்சிருந்தா முடிஞ்சிருக்குமே. நமக்குத் தோணலையேட்டி!"

ஆவுடைக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மன் கடைசியில் தன் புருஷனுக்கும் புத்தியைக் கொடுத்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "இப்பவாவது தெரிஞ்சுதே. அது போதும்."

"தெரியாம என்ன!" என்று திரவியம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இப்பவே எபநேசர் சாருக்குச் சொல்லணும். அடுத்த தடவை பெட்டியில முட்டையை வைக்கும்போதே, கம்ப்யூட்டரு மேல ஒரு கோழியை உக்கார வச்சிரணும்."